10 ஜிகாபிட்டுக்குப் பணம் கட்டி 940 மெகாபிட் வாங்குவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் நாடு தழுவிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை 100 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை செலவிட்டு மேம்படுத்தப் போவதாகத் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. 2028க்குள் 500,000 வீடுகளுக்கு 10 ஜிகாபிட் வரையிலான இணையம் என்பது இலக்கு. அதன்படி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பழைய 1 ஜிகாபிட் சந்தாவை விட்டு 3, 5, 10 ஜிகாபிட்டுக்கு மாறுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கூடவே ஒரு புலம்பலும் கூடுகிறது: “திட்டம் மாறியது, டவுன்லோடு வேகம் மாறவில்லை.” பிறகு ஹாட்லைனில் காத்திருப்பு, தொழில்நுட்பர் வந்து “லைன் ஓகே” என்று சொல்லிவிட்டுப் போவது, கடைசியில் இன்னும் விலை கூடிய ஒரு ரூட்டர். அந்த ரூட்டரிலும் அதே வேகம்.

காரணம், தடை பெரும்பாலும் ஃபைபரில் இருப்பதில்லை. வீட்டுக்குள் வரும் ஃபைபர் முடிகிற ஓஎன்டி பெட்டிக்கும் கணினியின் வட்டுக்கும் இடையில் ஏழெட்டுத் துண்டுகள் இருக்கின்றன. அதில் மிக மெதுவான ஒன்று மற்ற எல்லாவற்றையும் தன் வேகத்துக்கு இறக்கிவிடும். எந்தத் துண்டு என்று தெரியாமல் எதை வாங்கினாலும் வீண். தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நல்ல கம்பி, ஒரு மடிக்கணினி, ஒரு மாலை நேரம் போதும்.

முதலில் திரையில் வரும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வேகச் சோதனையின் முடிவு ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் தடை எங்கே என்பதைத் தானே சொல்லிவிடுகிறது. ஈதர்நெட்டில் 1500 பைட் பொட்டலம் ஒன்று கம்பியில் போகும்போது முகப்பு, இடைவெளி எல்லாம் சேர்ந்து 1538 பைட் இடத்தைப் பிடிக்கும். அதில் உண்மையான சரக்கு 1448 பைட். அதாவது 94 சதவீதம். ஆகவே 1 ஜிகாபிட் இணைப்பு தன் முழு மூச்சில் ஓடினால் 941 மெகாபிட் காட்டும். 2.5 ஜிகாபிட் என்றால் 2,350. 5 ஜிகாபிட் என்றால் 4,700. 10 ஜிகாபிட் என்றால் 9,400. உங்கள் சோதனை 930, 940 என்று நின்றால் வழியில் எங்கோ ஒரு 1 ஜிகாபிட் போர்ட் இருக்கிறது. அது கோளாறே இல்லை, அந்தப் போர்ட் ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். 94 என்று வந்தால் கம்பியில் ஒரு ஜோடி செத்து, இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. 300, 350 என்று வந்து யுஎஸ்பி அடாப்டர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது யுஎஸ்பி 2 துளையில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையில் 54க்கு மேல் இணைப்பு வேகம் ஏறவே இல்லை என்றால் ரூட்டர் இன்னும் பழைய டிகிப் மறையாக்கத்தில் இருக்கிறது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3க்கு மாற்றுங்கள். இப்படி ஒரே எண்ணில் நிற்காமல் 1,100, 1,700, 800 என்று ஒவ்வொரு முறையும் தாவுகிற எண்தான் உண்மையான கோளாறின் அடையாளம். அதைப் பிறகு விளக்குகிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சந்தா மெகாபிட்டில் விற்கப்படுகிறது. டவுன்லோடு செய்யும் மென்பொருள் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டால் வகுக்க வேண்டும். விளையாட்டு ஒன்று விநாடிக்கு 290 மெகாபைட்டில் இறங்கினால் உங்கள் 2.5 ஜிகாபிட் போர்ட் நிரம்பி வழிகிறது. புகார் செய்ய ஒன்றுமில்லை. 10 ஜிகாபிட் சந்தாவுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குப் பயன்படும் எக்ஸ்ஜிஎஸ்-பான் என்ற ஃபைபர் தரத்தின் கம்பி வேகம் 9.95 ஜிகாபிட், பிழை திருத்தத்துக்கான பிட்டுகள் போக மிஞ்சுவது சுமார் 8.5. அதையும் பிரிப்பான் வழியாக அக்கம்பக்க வீடுகளோடு பகிர்ந்துகொள்கிறீர்கள். ஆகவே கம்பி வழிச் சோதனையில் 8,000ஐ ஒட்டி வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சோதனையை எப்படிச் செய்கிறோம் என்பதும் முக்கியம். உலாவியில் ஓடும் வேகச் சோதனை 1 ஜிகாபிட் வரை நம்பத்தக்கது. அதற்கு மேல் உலாவியே மூச்சு வாங்கும். ஊக்லா நிறுவனத்தின் வேகச் சோதனைக் கணினிச் செயலியை நிறுவி, உள்ளூர் சர்வரைத் தேர்ந்தெடுத்து, பல இணைப்பு முறையில் ஓட்டுங்கள். சர்வரை மாற்றி இரண்டு மூன்று முறை பாருங்கள். சில சோதனை சர்வர்களே 10 ஜிகாபிட் கொடுக்கும் நிலையில் இருப்பதில்லை. விபிஎன், நிறுவனப் பாதுகாப்பு மென்பொருள், வைரஸ் தடுப்பின் இணையக் கண்காணிப்பு மூன்றையும் அந்தச் சில நிமிடங்களுக்கு நிறுத்தி வையுங்கள். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்திலேயே வேகச் சோதனை இருந்தால் அதையும் ஓட்டலாம், ஆனால் அதன் முடிவு கீழ்வரம்பு மட்டுமே. ரூட்டரின் சிபியு பொட்டலங்களைக் கடத்தி விடுவதில் கெட்டி, தானே உருவாக்கி வாங்குவதில் சுமார். அங்கே 8,000 வந்தால் ஃபைபர் சரி என்று முடிவு கட்டலாம். 2,000 வந்தால் எந்த முடிவும் கட்ட முடியாது.

இனி துண்டு துண்டாக. ஓஎன்டியிலிருந்து தொடங்குங்கள். அதன் போர்ட்டுகளில் எது 10 ஜிகாபிட், எது 1 ஜிகாபிட் என்பது பெட்டியின் பின்புறத்திலோ நிறுவனத்தின் பக்கத்திலோ இருக்கும். பழைய “2 ஜிகாபிட்” திட்டங்கள் சிலவற்றில் ஓஎன்டி கொடுத்தது இரண்டு தனித்தனி 1 ஜிகாபிட் போர்ட்டுகளை. ஒரு ரூட்டரை ஒரு போர்ட்டில் செருகியவர் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் 941ஐத் தாண்ட மாட்டார். அடுத்து ரூட்டர். பெட்டியின் முகப்பில் “பிஇ19000” என்று பெரிய எண் அச்சிட்டிருக்கும். அது எல்லா வைஃபை அலைவரிசைகளின் ஏட்டு வேகங்களையும் கூட்டிப் போட்ட தொகை. எந்தக் கருவியும் அந்த வேகத்தைப் பார்க்கப் போவதில்லை. பார்க்க வேண்டியது பின்பக்கத்தை. ஒரே ஒரு 10 ஜிகாபிட் வான் போர்ட் (இணையம் உள்ளே வருவது), நான்கு 1 ஜிகாபிட் லேன் போர்ட் (வீட்டுக் கருவிகளுக்குப் போவது) என்ற அமைப்பு இன்னும் கடைகளில் விற்கிறது. 10 ஜிகாபிட் உள்ளே வரும். கம்பியில் செருகிய எந்தக் கணினிக்கும் 1 ஜிகாபிட்டுக்கு மேல் வெளியே போகாது. இரண்டு 2.5 ஜிகாபிட் போர்ட்டுகள் இருந்து, அவற்றில் ஒன்றுதான் வான் என்ற அமைப்பும் உண்டு. வான் கம்பியைத் தவறுதலாக 1 ஜிகாபிட் போர்ட்டில் செருகினாலும் சில ரூட்டர்கள் தாமே அதை வானாக ஏற்றுக்கொண்டு ஓசையில்லாமல் ஓடும். விளக்கு பச்சையாகத்தான் எரியும்.

இதில் கடைகளும் சேவை நிறுவனங்களும் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. சந்தாவோடு ரூட்டர் கொடுக்கும்போது விளம்பரத்தில் வைஃபை தொகைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் ஒவ்வொரு லேன் போர்ட்டின் வேகத்தையும் அச்சிடலாம். “10 ஜிகாபிட் திட்டம், இலவச ரூட்டர்” என்ற வரிக்குக் கீழே அந்த ரூட்டரின் வேகமான லேன் போர்ட் 2.5 என்பதை வாங்குகிறவர் வீட்டுக்கு வந்து அறிந்துகொள்வது முறையில்லை. ஆணையம் இதைக் கட்டாயமாக்குவதும் நல்லது.

கம்பிக்கு வருவோம். கடைக்காரர்கள் இங்கே நிறையப் பயமுறுத்துகிறார்கள். 2.5 ஜிகாபிட்டுக்குப் பழைய கேட்5இ கம்பியே 100 மீட்டர் வரை போதும். அந்தத் தரம், 2016இல் வந்த 802.3பிஇசட், பழைய கம்பிகளை வீணாக்காமல் இருக்கத்தான் உருவானது. 5 ஜிகாபிட்டுக்கு கேட்6. 10 ஜிகாபிட்டுக்கு முழு 100 மீட்டர் வேண்டுமானால் கேட்6ஏ. கேட்6 கம்பியில் 55 மீட்டர் வரை போகும், பல கம்பிகள் ஒரே கட்டாக நெருக்கிக் கட்டியிருந்தால் 37 மீட்டர். நான்கறை, ஐந்தறை வீட்டில் நீளமான ஓட்டம்கூட 25 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே சுவருக்குள் இருக்கும் கேட்6ஐப் பிடுங்க வேண்டியதில்லை.

கெடுப்பது வேறு. “கேட்8” என்று அச்சிட்டு மலிவாக விற்கும் தட்டைக் கம்பிகளில் பல, அந்த எழுத்துக்குச் சம்பந்தமில்லாதவை. செம்புப் பூச்சுள்ள அலுமினியக் கம்பிகளும் அப்படித்தான். மின்தடை கூடுதல், முனையில் எளிதில் முறியும், எந்த கேட் தரத்துக்கும் அவை பொருந்துவதில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு நுனியை வெட்டிக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக இருந்தால் அலுமினியம். இரண்டாவது கேடு சுவர் முனை. தகட்டைக் கழற்றினால் ஜோடிகளின் முறுக்கை இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பிரித்து நீவி வைத்திருப்பார்கள். முறுக்கு குலையலாம் என்பதன் வரம்பு அரை அங்குலம், 13 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் 1 ஜிகாபிட் தாங்கும், 10 ஜிகாபிட் தடுமாறும். மூன்றாவது, கண்டுபிடிக்கக் கடினமானது: பிரிந்த ஜோடி. எட்டு இழைகளும் இரு முனைகளிலும் ஒரே வரிசையில்தான் இருக்கும், ஆனால் ஒரே சமிக்ஞையின் இரண்டு இழைகள் வெவ்வேறு முறுக்குகளைச் சேர்ந்தவையாக இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக நிறம் போட்டு கிரிம்ப் செய்தால் இப்படி ஆகும். எட்டு விளக்கு எரியும் மலிவுச் சோதனைக் கருவி இதற்கு “சரி” என்று சொல்லிவிடும், ஏனென்றால் அது தொடர்ச்சியை மட்டும் பார்க்கிறது. டி568பி நிற வரிசையைக் கண்ணால் ஒப்பிடுவதுதான் வழி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.

இணைப்பு எந்த வேகத்தில் பேசுகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் ‘லிங்க் ஸ்பீட்’ என்று ஒரு வரி இருக்கும். ரூட்டர் பக்கத்திலும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் அது தெரியும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சுவர்க் கம்பி சந்தேகம் என்றால் கணினியை ரூட்டர் பக்கத்துக்கே எடுத்துப் போய் இரண்டு மீட்டர் தொழிற்சாலைக் கம்பியால் செருகிச் சோதியுங்கள். அங்கே முழு வேகம், அறையில் பாதி என்றால் குற்றவாளி சுவருக்குள் இருக்கிறது.

இப்போது தாவும் எண்ணுக்கு. பல ஜிகாபிட் வீடுகளில் அதிகம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் நோய் இது, ஹாட்லைனில் யாரும் சொல்லாததும் இதுதான்: அப்லோடு கச்சிதமாக 2,350, டவுன்லோடு 900க்கும் 1,600க்கும் இடையில் ஊசலாட்டம். கம்பி சரி, போர்ட் சரி, லிங்க் ஸ்பீட் 2.5. எல்லாம் சரியாக இருந்து டவுன்லோடு மட்டும் நொண்டுகிறது. ஃபைபர் பக்கத்திலிருந்து தரவு சீராக வழிந்து வருவதில்லை. 10 ஜிகாபிட் வேகத்தில் குட்டிக் குட்டி வெடிப்புகளாக வருகிறது. உங்கள் கணினியின் பக்கம் வெளியே போகும் வேகம் 2.5. மிச்சம், ரூட்டருக்குள்ளோ தனிப் பெட்டியாகவோ இருந்து போர்ட்டுகளை இணைக்கும் சுவிட்சின் தாங்கியில் (தற்காலிக நினைவகத்தில்) காத்திருக்க வேண்டும். வீட்டு சுவிட்சில் அந்தத் தாங்கி 1.5 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 12 மெகாபிட். விநாடிக்கு 7.5 ஜிகாபிட் மிச்சம் விழுந்தால் அது 1.6 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வரும் பொட்டலங்கள் கீழே கொட்டப்படும். பொட்டலம் தொலைந்ததும் அனுப்பும் சர்வர், வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். பரவலாக உள்ள க்யூபிக் என்ற வேகக் கட்டுப்பாட்டு முறையில் ஒரே அடியில் 30 சதவீதம். மெதுவாக ஏறும், மறுபடி கொட்டும், மறுபடி இறங்கும். அப்லோடில் கணினியே 2.5இல்தான் பேசுகிறது, கொட்ட எதுவும் இல்லை. அதனால்தான் ஒரு திசை மட்டும் நோயாளி.

உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி: ரூட்டரின் 10 ஜிகாபிட் லேன் போர்ட்டில் 10 ஜிகாபிட் கார்டு உள்ள கணினி ஒன்றை நேராகச் செருகிப் பாருங்கள், டவுன்லோடு பாய்ந்து ஏறினால் சந்தேகம் உறுதி. நிர்வாகப் பக்கம் உள்ள சுவிட்ச் என்றால் அந்தப் போர்ட்டின் ‘டிராப்’ எண்ணிக்கை சோதனை ஓடும்போது கூடுவதையே பார்க்கலாம். தீர்வு, முதலில் 10 ஜிகாபிட் உள்ளே வரும் சுவிட்ச் போர்ட்டிலும் அதன் மறுமுனையிலும் ஃப்ளோ கன்ட்ரோலை இயக்குவது. தாங்கி நிரம்பும்போது சுவிட்ச், வரும் பக்கத்துக்கு “சற்று நிறுத்து” என்று சொல்லும், கொட்டுவது நிற்கும். இதற்கு ஒரு விலை உண்டு: ஒரு மெதுவான கருவிக்காக அதே சுவிட்சில் உள்ள மற்றவையும் கண நேரம் காத்திருக்க நேரலாம். வீட்டில் அது பெரிய பொருட்டில்லை. அலுவலகத்தில் யோசித்துச் செய்ய வேண்டும்.

இதே நோயின் கொடிய வடிவம், எஸ்எஃப்பி பிளஸ் கூண்டில் (சில ரூட்டர், சுவிட்சுகளில் உள்ள 10 ஜிகாபிட் செருகுதுளை) செருகும் செம்புக்கம்பி மாட்யூல். ரூட்டரிடமோ சுவிட்சிடமோ அது எப்போதும் “நான் 10 ஜிகாபிட்” என்றே சொல்லும். மறுமுனையில் 2.5 ஜிகாபிட் கணினி இருந்தால் வேகத்தை மாட்யூலே உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளும், மிகச் சிறிய தாங்கியோடு. சுவிட்சுக்கு எதுவும் தெரியாது. முழு வேகத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கும். இந்த அமைப்பில் டவுன்லோடு சில நூறு மெகாபிட்டுக்கு விழுவதும் உண்டு. 2.5 ஜிகாபிட் கணினிக்கு அசலான 2.5 ஜிகாபிட் போர்ட்டைக் கொடுங்கள். வேறு வழி இல்லாவிட்டால் அந்தக் கூண்டில் ஃப்ளோ கன்ட்ரோல். கூடவே ஒரு குறிப்பு: இந்த மாட்யூல்கள் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். இரண்டைப் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் செருகி, காற்றில்லாத டிவி அலமாரிக்குள் வைத்து மூடினால், மதியத்துக்கு மேல் இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஒரே அறைக்குள் இரண்டு கூண்டுகளை இணைக்க என்றால், இரு முனையிலும் செருகி பொருத்தியே வரும் டிஏசி கம்பி மலிவு, குளிர்ச்சி.

கம்பியும் போர்ட்டும் தேறிவிட்டால் ரூட்டரின் மூளையைப் பாருங்கள். வீட்டு ரூட்டர்கள் 10 ஜிகாபிட்டைத் தாங்குவது சிபியுவால் இல்லை. முகவரி மாற்றும் வேலையைத் தனி வன்பொருள் எடுத்துக்கொள்வதால்தான். கியூஓஎஸ் (எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று வகுப்பது), கருவி வாரியான போக்குவரத்துக் கணக்கு, பிள்ளைகளுக்கான தடைப் பட்டியல், ரூட்டரிலேயே ஓடும் விபிஎன் இவற்றில் ஒன்றை இயக்கினால் பல ரூட்டர்களில் அந்த வன்பொருள் வழி அடைபட்டு ஒவ்வொரு பொட்டலமும் சிபியு வழியாகப் போகும். 8 ஜிகாபிட் 1 ஜிகாபிட்டாகும். எல்லாவற்றையும் அணைத்துச் சோதித்து, பிறகு ஒவ்வொன்றாக இயக்கினால் எது தின்கிறது என்று தெரிந்துவிடும். சிபியுச் சுமையைப் பார்க்கும்போது சராசரியை நம்ப வேண்டாம். நான்கு மையம் உள்ள ரூட்டரில் 25 சதவீதம் என்று காட்டினால் ஒரு மையம் 100இல் திணறிக்கொண்டு மற்ற மூன்றும் சும்மா இருக்கலாம். ரூட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருளைப் போட்டவர்கள் ஃபயர்வால் பக்கத்தில் வன்பொருள் ஃப்ளோ ஆஃப்லோடிங் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பொட்டலத்தின் அளவைப் பெரிதாக்கும் ஜம்போ ஃபிரேமை யாராவது பரிந்துரைத்தால் விட்டுவிடுங்கள். இணையம் முழுக்க 1500 பைட்டில் ஓடுகிறது; ஒரு கணினியில் மட்டும் 9000 வைத்தால் கிடைப்பது வேகமில்லை, சில தளங்கள் திறக்காமல் தொங்குவதுதான்.

வீட்டுக்குள் மட்டும் அளக்க ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் போதும். கம்பியில் உள்ள இரண்டு கணினிகளுக்கு இடையே ஓட்டுங்கள். நேர்த் திசையில் ஒரு முறை, எதிர்த் திசையில் ஒரு முறை. 3.16க்கு முந்தைய பதிப்பு, எத்தனை இணைப்பு திறந்தாலும் ஒரே மையத்தில்தான் ஓடும். 10 ஜிகாபிட்டை அதால் அளக்கப் போய் கம்பியைக் குறை சொல்லக் கூடாது.

கணினியிலும் பொறிகள் உண்டு. மேசைக் கணினியின் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை நீளமாக இருப்பதால் உள்ளே எல்லாத் தடங்களும் இணைந்திருக்கும் என்று பொருளில்லை. இரண்டாம் தலைமுறை ஒற்றைத் தடத்தின் ஏட்டு வேகம் 4 ஜிகாபிட், கைக்கு வருவது 3.2 போல. பழைய சர்வர் கார்டை மலிவாக வாங்கிச் செருகியவர்கள் அந்த எண்ணில் நிற்பது இதனால்தான். இன்டெல் ஐ225-வி சிப்பின் முதல் பதிப்பில் பொட்டலங்களுக்கு இடையிலான இடைவெளியில் பிழை இருந்தது. சில சுவிட்சுகளோடு 2.5இல் பொட்டலம் தொலையும், 1 ஜிகாபிட்டுக்கு இறக்கினால் சரியாகும். மென்பொருளால் அதை முழுதாகத் தீர்க்க முடியாது, வேறு கார்டு போட வேண்டும். மற்றவர்கள் டிரைவரைச் சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பித்து, ‘எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்’ என்ற மின்சிக்கனத்தை அணைத்துப் பார்க்கலாம். வட்டையும் மறக்க வேண்டாம். சுழலும் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 150 முதல் 200 மெகாபைட் எழுதும், அதாவது 1.6 ஜிகாபிட் வரை. சாட்டா எஸ்எஸ்டி 550 மெகாபைட், 4.4 ஜிகாபிட். மலிவான என்விஎம்இ வட்டு முதல் சில பத்து ஜிகாபைட்டை அசுர வேகத்தில் விழுங்கிவிட்டு, தற்காலிக இடம் தீர்ந்ததும் ஹார்டு டிஸ்க் வேகத்துக்கு இறங்கும். ஸ்டீமில் பெரிய விளையாட்டு இறக்கும்போது வரைபடம் பள்ளத்தாக்கு மாதிரி ஏறி இறங்குவது பெரும்பாலும் வட்டும், சுருக்கிய கோப்பை விரிக்கும் சிபியுவும் செய்யும் வேலை. டாஸ்க் மேனேஜரில் வட்டு 100 சதவீதம் என்று இருந்தால் இணையத்தைத் திட்டுவதில் பயனில்லை.

வைஃபை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் 10 ஜிகாபிட் அதில் வரவே வராது. கைபேசிகளில் பெரும்பாலும் இரண்டு ஆன்டெனாத் தொடர்கள். வைஃபை 6இல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஏட்டு வேகம் 1,201 மெகாபிட், 160இல் 2,402, வைஃபை 7இல் 320 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தால் 5,764. கையில் வருவது இதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு. கருவி எந்த அகலம் வரை ஏற்கும் என்பதைப் பாருங்கள்: ஐபோன் 16 வைஃபை 7 என்றாலும் 160 மெகாஹெர்ட்ஸ் வரைதான். சிங்கப்பூரில் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வைஃபைக்குத் திறந்திருப்பது கீழ் 500 மெகாஹெர்ட்ஸ். அதில் ஒன்றோடொன்று மோதாத 160 மெகாஹெர்ட்ஸ் தடங்கள் மூன்று, 320 மெகாஹெர்ட்ஸ் தடம் ஒன்றே ஒன்று. அடுக்குமாடியில் மேல், கீழ், பக்கத்து வீடுகள் எல்லாம் 320ஐ வைத்தால் அந்த ஒற்றைத் தடத்தைப் பங்கு போட வேண்டும். 160க்குக் குறைத்தால் பல நேரம் வேகம் கூடும். ரூட்டர் பாம் ஷெல்டருக்குள் (வீட்டிலுள்ள கான்கிரீட் பாதுகாப்பு அறைக்குள்) இருந்தால் வேறு எதையும் ஆராய வேண்டியதில்லை; அந்தக் கான்கிரீட்டும் இரும்புக் கதவும் 6 கிகாஹெர்ட்ஸை வெளியே விடாது. ஓஎன்டி அங்கேயே இருக்கட்டும், கம்பி இழுத்து ரூட்டரை வரவேற்பறைக்குக் கொண்டுவாருங்கள். வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் பெட்டிகளுக்கு இடையிலும் முடிந்தால் கம்பி. கம்பியில்லாப் பின்னிணைப்பில், குறிப்பாக இரண்டு பட்டை மெஷ்ஷில், ஒவ்வொரு தாவலும் வேகத்தைப் பாதியாக்கும்.

உள்ளூர் சோதனையில் 8,000 வந்து, வெளிநாட்டுத் தளத்திலிருந்து ஒரே கோப்பு மட்டும் 150 மெகாபிட்டில் இறங்கினால் அது கோளாறில்லை, தூரத்தின் கணக்கு. ஓர் இணைப்பின் வேகம், பதில் வராமலே அனுப்பத் துணியும் அளவை (சாளரம்), போய்வரும் நேரத்தால் வகுத்தது. அமெரிக்க மேற்குக் கரைக்குப் போய்வர 180 மில்லிவிநாடி, சாளரம் 4 மெகாபைட் என்றால் கிடைப்பது சுமார் 178 மெகாபிட். பல இணைப்பாகப் பிரித்து இறக்கும் மென்பொருள் இதைப் பெருக்கிக் கொடுக்கும். தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைக் கண்டபடி மாற்றியிருந்தால் அதையும் பழைய நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். சில டிஎன்எஸ் சேவைகள் பக்கத்திலுள்ள சர்வருக்குப் பதிலாகத் தொலைவில் உள்ளதைக் காட்டிவிடும்.

இத்தனையும் தேறிய பிறகும் ரூட்டரின் 10 ஜிகாபிட் லேன் போர்ட்டில் நேராகச் செருகிய கணினிக்கு வேகம் வரவில்லை என்றால் அப்போது சேவை நிறுவனத்தின் முறை. ஓஎன்டி பக்கம் திறந்தால் ‘ஆர்எக்ஸ் பவர்’ (வந்து சேரும் ஒளியின் அளவு) என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 10 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை நிம்மதி. மைனஸ் 27, 28ஐ நெருங்கினால் ஒளி போதவில்லை. அலமாரிக்குப் பின்னால் நசுங்கிய ஃபைபர், 30 மில்லிமீட்டருக்கும் இறுக்கமான வளைவு, அழுக்கேறிய பச்சை முனை ஆகியவை வழக்கமான காரணங்கள். முனையைக் கையால் துடைக்கவோ கண்ணால் உற்றுப் பார்க்கவோ கூடாது. அதிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

புகாரில் “ஸ்லோவாக இருக்கிறது” என்று எழுதினால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லும் பதில்தான் வரும். எழுத வேண்டியது: கம்பி வழி நேரடி இணைப்பில், எந்தச் செயலியில், எந்தச் சர்வருக்கு, காலை ஒரு முறையும் இரவு 9 மணி வாக்கில் ஒரு முறையும் எடுத்த டவுன்லோடு, அப்லோடு எண்கள், இரு முனைகளிலும் காட்டும் லிங்க் ஸ்பீட், ஆர்எக்ஸ் பவர். காலையில் 8,000, இரவில் மட்டும் 1,500 என்றால் பகிர்ந்த ஃபைபரிலோ நிறுவனத்தின் மேல்நிலை இணைப்பிலோ நெரிசல்; நாள் முழுக்க ஒரே எண் என்றால் உங்கள் கணக்கில் பழைய திட்டத்தின் வேக அமைப்பு இன்னும் மாற்றப்படாமல் இருக்கக்கூடும், அதை அவர்கள் தங்கள் திரையில் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
வீட்டு வலையமைப்புப் பணியில் உள்ள வாசகர்,
ஈசூன், சிங்கப்பூர்